ஆயிரம் சிசி வேணும்

— இது வேணாம். பின்னாடி நிக்குதே, நாலு சக்கர மணல் பைக், கறுப்பு, ஆயிரம் சிசி, அதை வெளியே எடுக்கச் சொல்லுங்க.

— எடுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஓட்டப்போறது யாரு?

— வேற யாரு? நான்தான். என்னைப் பாத்தா டிரைவர் வச்சு ஓட்டற ஆள் மாதிரியா இருக்கு?

— வாசல்ல உங்க கார்க்கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கறாரே, அதான் கேட்டேன்.

— அது தார் ரோட்டுக்கு. மணல்ல நானேதான் ஓட்டுவேன். இருபது வருஷம். நான் சொல்றது புரியுதா? இந்த பதாயர் மணல்மேடு எனக்கு வீட்டு முற்றம் மாதிரி.

— வாஸ்தவம். நானும் இருபது வருஷமா இந்த மேட்டடியிலதான் கடை வச்சிருக்கேன். உங்களைப் பாத்த ஞாபகம் இல்லையே.

— நீங்க உள்ளே உக்காந்து டீ குடிச்சிட்டிருந்திருப்பீங்க.

— இருக்கும். டீ நிறையத்தான் குடிச்சிருக்கேன். குல்ஸமான், அந்தக் கறுப்பு வண்டியைத் தள்ளிட்டு வா. வரும்போது ஐயாவுக்கு ஏலக்காய் தட்டிப்போட்டு ஒரு கரக் டீ கொண்டா. உக்காருங்க. எந்த ஊரு, எந்த வீட்டுப் பிள்ளை?

— துபாய். அபூ கைத்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்துல ஒரு துறையே என் கையிலதான் இருக்கு. அது கிடக்கட்டும். இதுல எத்தனை குதிரை சக்தி?

— தொண்ணூறு. காலம் நல்லா மாறிப்போச்சு. உள்ளே வந்து கால் மணி நேரம் ஆச்சு. என் பேரைக் கேக்கல, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கல, குதிரையை மட்டும் விசாரிக்கறீங்க.

— தப்பா நினைக்காதீங்க அண்ணே, அவசரம். வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி, மணல்ல போட்டிருக்கற என் கூடாரத்து வாசல்ல நிக்கணும். தொண்ணூறுக்கு மேல இல்லையா?

— தொண்ணூறு போதலையா? ஒத்தை ஒட்டகத்து மேல உக்காந்து தடுமாறறவங்களைப் பாத்திருக்கேன். நீங்க தொண்ணூறு குதிரையை ஒண்ணாக் கட்டிக் கேக்கறீங்க. சரி, அனுபவசாலி. மேட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி டயர்ல காத்து எவ்வளவு வைப்பீங்க?

— பதினஞ்சு. தார் ரோட்டை விட்டு இறங்கினதும் பதினஞ்சுக்குக் குறைச்சிடணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

— அது உங்க லேண்ட் குரூஸருக்கு. இதுக்கு நாலு, மிஞ்சிப்போனா அஞ்சு. பதினஞ்சு வச்சீங்கன்னா பந்து மாதிரி துள்ளி உங்களை ஓமன்ல கொண்டுபோய் இறக்கிடும். பாஸ்போர்ட் கையில இருக்கா?

— அஞ்சுன்னுதான் சொல்ல வந்தேன். வாய் தவறிடுச்சு. அப்புறம் இந்தக் கொடிக்கம்பத்தைக் கழட்டிடுங்க. தேசிய தினம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் கொடி கட்டிக்கிட்டுப் போனா சிரிப்பாங்க.

— அது தேசிய தினத்துக்குக் கட்டினது இல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கத்துல ஒரு வண்டி ஏறுதுன்னு எதிர்ல வர்றவனுக்கு அந்தக் கொடிதான் சொல்லும். அது இல்லேன்னா அவன் முன்சக்கரம் நேரா உங்க கந்தூரா அங்கி மேலதான் வந்து இறங்கும். வெள்ளைத்துணி, கறை போகாது.

— நீங்க விக்கறவரா, பரீட்சை வைக்கறவரா?

— ரெண்டும். என் கடையில ஒரு வழக்கம் உண்டு. பெரிய வண்டி கேக்கறவங்க பின்கொல்லையில இருக்கற மேட்டுல ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டணும். ஆள் உயரம்கூட இல்ல. இருபது வருஷக்காரருக்கு அது ஒரு படிக்கட்டு.

— ஏறிட்டாப் போச்சு. சாவியைக் குடுங்க.

— ஹெல்மெட்.

— தலைத்துணி கலைஞ்சிடும்.

— தலை கலையறதைவிடத் தலைத்துணி கலையலாம். மாட்டுங்க. நல்லது. கைப்பிடியை எதுக்கு முறுக்கறீங்க?

— வேகம் குடுக்கத்தான்.

— அது மோட்டார் சைக்கிள்ல. இங்க வலது பெருவிரலுக்குக் கீழே சின்னதா ஒரு நாக்கு இருக்கு பாருங்க. அதைத்தான் அழுத்தணும். மெதுவா, பழம் கனிஞ்சிருக்கான்னு பாக்கற மாதிரி.

— தெரியும் தெரியும். கையுறை இல்லாததால பிடிபடல. இதோ.

— மெதுவான்னு சொன்னேன். விரலை எடுங்க. அபூ கைத், விரலை எடுங்க. மேடு இந்தப் பக்கம், அது வேலி. குல்ஸமான், ஓடு, ஓடு.

— அல்லாவே.

— அசையாதீங்க. வண்டி உங்க மேல இல்ல, வேலி மேலதான் சாஞ்சிருக்கு. கையைக் குடுங்க. காலை மடக்க முடியுதா?

— முடியுது. செருப்பு எங்க போச்சு?

— ஒண்ணு கூரை மேல. இன்னொண்ணு குல்ஸமான் கையில. தண்ணி குடிங்க.

— இந்த மணல் சரியில்ல. எங்க பக்கத்து மணல் இப்படி வழுக்காது.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மணல் அப்படியேதான் இருக்கு. நீங்க இதுக்கு முன்னாடி ஒரு நாளாவது இதுல உக்காந்திருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க. குல்ஸமானை உள்ளே அனுப்பிட்டேன், நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம்.

— உக்காந்திருக்கேன்.

— எப்ப?

— என் சின்னவன் பொறந்தநாளுக்கு. போட்டோ எடுக்க. இஞ்சின் ஓடல.

— வாஸ்தவம். வயசு நாப்பத்தெட்டு, அம்பது இருக்குமா? கையெழுத்துப் போட்டே பழகின பெருவிரல் அது. அதுக்குத் தொண்ணூறு குதிரை எதுக்கு? போன மாசம் உங்களை மாதிரி ஒருத்தர் வந்து, சொல்லச்சொல்லக் கேக்காம, வேற கடையில வாங்கிட்டுப் போனார். வண்டி இன்னும் புதுசாத்தான் இருக்கு. அவர் இடுப்பெலும்புதான் ரெண்டாப் போச்சு. யாருக்குக் காட்ட இந்த வேலை?

— சொன்னா சிரிப்பீங்க.

— செருப்பு கூரைக்குப் போனப்பவே சிரிப்பை அடக்கிட்டேன். சொல்லுங்க.

— வெள்ளிக்கிழமை என் கூடாரத்துக்கு ஆளுங்க வர்றாங்க. என் பொண்ணைக் கேட்டு. மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைங்க.

— நல்ல விஷயம். மாஷா அல்லா. அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

— இது வரைக்கும் பொம்பளைங்க பேச்சுதான் நடந்திருக்கு. மாப்பிள்ளையோட அம்மா வந்து என் வீட்டுக்காரியைப் பாத்தாங்க, பொண்ணைப் பாத்தாங்க. அந்தம்மா பேச்சுவாக்குல, எங்க வீட்டுக்காரருக்கு மணல்னா உயிருன்னு சொல்லியிருக்காங்க. என் வீட்டுக்காரி சும்மா இருந்திருக்கலாம். எங்க வீட்டுக்காரரும்தான், இருபது வருஷமா, ஆயிரம் சிசி வச்சிருக்காருன்னு சொல்லிட்டா.

— அவங்களாச் சொன்னாங்களா?

— நான்தான் சொல்லிக்குடுத்தேன். வரவேற்பறையில ரெண்டு கோப்பை வேற இருக்கு. அந்தம்மா அது எதுக்குக் கிடைச்சதுன்னு கேட்டாங்களாம். மேடு ஏறற பந்தயத்துக்குன்னு சொல்லச் சொன்னேன்.

— நிஜத்துல எதுக்குக் கிடைச்சது?

— ஒண்ணு ஆபீஸ்ல கேரம் போட்டி. ரெண்டாம் பரிசு. இன்னொண்ணு, அது ஒத்தையா நிக்குதேன்னு ஜோடிக்குக் கடையில வாங்கினது.

— டீ புரையேறிடுச்சு. இருங்க. ம். அப்புறம்?

— அப்புறம் என்ன, மாப்பிள்ளையோட அப்பா சொல்லி அனுப்பிட்டார். அப்படின்னா வெள்ளிக்கிழமை விருந்துக்கு முன்னாடி அபூ கைத் முன்னால போகட்டும், நான் அவர் தடத்துலயே பின்னால ஏறறேன்னு. வீட்டுக்காரன் முதல்ல ஏறணும், விருந்தாளி அவன் தடத்துல வரணும். இது நம்ம வழக்கம்தானே? முடியாதுன்னு சொன்னா முகத்துல எப்படி முழிக்கிறது?

— அவர் எப்படிப்பட்ட ஆள்?

— யாருக்குத் தெரியும். ஆம்பளைங்க நாங்க இன்னும் முகம் பாத்துக்கல. மணல்காட்டு ஆள். கையில புத்தகத்தையே தொட்டிருக்க மாட்டார்னு நினைக்கறேன். அந்த மாதிரி ஆளுங்களுக்கு மேடு ஏறினவன்தான் மனுஷன், நான் சொல்றது புரியுதா? இறங்கி நடக்கறவன் ஆடு.

— என்ன தொழிலாம்?

— ஏதோ வியாபாரம்னாங்க. நான் கேக்கல.

— அதானே. நீங்க எதைக் கேட்டீங்க. பையன் பேராவது தெரியுமா?

— மாயித். இஞ்சினியர். நல்ல பிள்ளைன்னு சொல்றாங்க.

— ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்ல. டீ ஆறிடுச்சு. பொண்ணு என்ன பண்றா?

— அஃப்ராவா? ஒட்டக டாக்டர். அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம். மாப்பிள்ளை வீட்டு ஒட்டகம் ஒண்ணு முன்னங்கால்ல அடிபட்டுக் கிடந்திருக்கு. வேற டாக்டருங்க அறுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. இவ மூணு நாள் அங்கேயே கிடந்து கட்டுப்போட்டு நிக்க வச்சிட்டா. அதைப் பாத்துத்தான் அந்தம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு.

— நல்ல கட்டு அது. இப்பவும் நொண்டாம நடக்குது.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— டாக்டர் போட்ட கட்டு நல்லாத்தானே இருக்கும். பொண்ணுக்கு இஷ்டமா?

— அதுதான் என்னைக் கொல்லுது. அவ என்கிட்ட இது வரைக்கும் எதையும் கேட்டதில்ல அண்ணே. போன வாரம் வந்து நின்னா. அப்பா, இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கு, கெடுத்துடாதீங்கன்னா. கெடுத்துடாதீங்கன்னு சொன்னா. பெத்த அப்பனைப் பாத்து. நான் எப்படிப்பட்டவன்னு அவளுக்குத் தெரியும். அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

— இந்த வண்டியில ஏறி அவர் கண்ணு முன்னாடியே கவுந்தீங்கன்னா, கல்யாணப் பேச்சுக்கு வந்தவங்க ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாங்க. அதுதான் கெடுக்கறது.

— அப்ப வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?

— ஒரு பொய்க்கு முட்டுக்குடுக்க இன்னொண்ணா? அந்தக் கோப்பைக்கு ஜோடி வாங்கின மாதிரியா?

— பின்ன என்னதான் பண்றது?

— அந்த மூலையில சிவப்பா ஒண்ணு நிக்குது பாருங்க. இருநூத்தம்பது சிசி. கியர் மாத்தற வேலை இல்ல. பெருவிரல் பதறினாலும் அது பதறாது, பொறுத்துக்கும். இன்னைக்கு புதன். இன்னைக்கு ரெண்டு மணி நேரம், நாளைக்கு ரெண்டு மணி நேரம் இந்தக் கொல்லையில சுத்துங்க. நானே பக்கத்துல நிக்கறேன். வெள்ளிக்கிழமை பெரிய மேட்டுல பாதி வரைக்கும் போவீங்க.

— மீதிப் பாதி?

— இறங்கி நடங்க.

— ஒரு துறையே கையில வச்சிருக்கற நான், ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டற சிவப்பு வண்டியில பாதி ஏறி, அந்தாள் முன்னாடி கந்தூராவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கறதா?

— ஆமாம். பேச்சு பல்லக்கு, தம்பி பொடிநடைன்னு ஒரு பேச்சு இருக்கு. பல்லக்குல இருந்து இறங்கிப் பாருங்க. உங்க பொண்ணு அதைப் பாத்தா என்ன சொல்லுவா?

— என்ன சொல்லுவா. அழுவா. இல்லேன்னா, முதல் தடவையா என்னை நம்புவா.

— சொல்லுங்க, எதை எடுக்கறது?

— சிவப்பையே எடுங்க. கொடி இருக்கட்டும், கழட்ட வேணாம். காத்து நாலு.

— நாலு. வாஸ்தவம். குல்ஸமான், ஏணி போட்டு ஐயாவோட செருப்பை எடு.

— அண்ணே, இன்னொரு உதவி. மணல் ஆளுங்க மனசு உங்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டக்கூடக் கத்துக்கிட்டுடுவேன். அந்த மனுஷன் வந்து இறங்கினதும், இருபது வருஷமும் பொய், கோப்பையும் பொய், உங்களைப் புத்தகம் தொடாதவர்னு நினைச்சதும் தப்புன்னு எங்கிருந்து ஆரம்பிக்கறது? ஒரு வார்த்தை எடுத்துக்குடுங்க.

— ஆரம்பிக்கறதுக்கு இனிமே என்ன இருக்கு? எல்லாத்தையும்தான் சொல்லி முடிச்சிட்டீங்களே, சம்பந்தி.