பெட்டி வாய் திறக்காத மாலை

தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கடை நடத்தியே தலை நரைத்த பெரியோர்களே, கல்லாவையும் குடும்பத்தையும் ஒரே கையால் கட்டிக் காக்கும் தாய்மார்களே, கைபேசியை மறந்து என் முகம் பார்க்கும் இளைய செல்வங்களே! பழச்சாறு பிழிந்தே பழகிய இந்தக் கைகளைக் கூப்பி வணங்குகிறேன்.

இளைஞர்கள் ஏன் கைபேசியில் பணம் செலுத்துகிறார்கள்? வேகமா? வேகம்தான்! வசதியா? வசதிதான்! நண்பன் செய்கிறான், நானும் செய்கிறேன் என்ற நாட்டமா? அதுவும்தான்! என்ன தம்பி, சில்லறைத் தொல்லை இல்லை என்கிறாயா? சரி, அதையும் சேர்த்துக்கொள்கிறேன்! ஆனால், இவற்றையெல்லாம் தாண்டி இன்னொன்று உண்டு. அதை எனக்குக் காட்டியவர், முன்வரிசையில் உட்கார்ந்து 'சீக்கிரம் முடிங்க' என்று கண்ணாலேயே அதட்டுகிறாரே, என் மனைவி!

போன மாதம் ஒரு மாலை. மெக்கானிக் தம்பி ஒருவன், தான் விரும்பிய பெண்ணின் அப்பாவை என் கடைக்கு அழைத்து வந்தான். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம். பழச்சாறு குடித்து முடித்ததும் தம்பி கைபேசியில் பணம் அனுப்பினான். உடனே என் கல்லாவிலுள்ள பெட்டி, "பணம் வந்தது" என்று முழங்க வேண்டும். முழங்கவில்லை! அவன் திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது! சட்டைப் பையில் வேறு காசும் இல்லை. பிள்ளை முகம் வெளுத்துவிட்டது, பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் ஏதோ சொல்ல வருவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"வந்துருச்சு தம்பி, போயிட்டு வா."

"பெட்டி வாயே திறக்கலையேடி!" என்றேன் மெதுவாக.

"அதான் நான் திறந்துட்டேன்ல, நீங்க மூடுங்க!"

சிரிக்காதீர்கள் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதான்!

தெருமுனை வரை போனவன் திரும்பி ஓடி வந்தான். "அக்கா, காசு போகவே இல்லக்கா! இப்பதான் மெசேஜ் வந்துச்சு. மறுபடி அனுப்புறேன், இருங்க." பின்னாலேயே மூச்சு வாங்கப் பெண்ணின் அப்பா!

அவரோ என் மனைவியிடம், "பெட்டி சத்தம் போடலைன்னு நானும் கவனிச்சேம்மா. நீங்க அவனை விட்டுக்கொடுக்கல. அவனும் சும்மா போயிடல. எனக்கு இது போதும்" என்றார். பிறகு அவன் தோளில் கை போட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றார்!

வணிகப் பெருமக்களே! இயந்திரம் திணறும், இணையம் தடுமாறும். அந்த நேரத்தில் நாலு பேர் முன்னால் நம் பிள்ளையைச் சந்தேகப்படலாமா? தலைகுனிய வைக்கலாமா? நான் சொன்ன அந்த இன்னொன்று இந்த நம்பிக்கைதான்! இந்தக் கடையில் தன்னை நம்புவார்கள் என்று தெரிந்தால், அவன் பயமில்லாமல் கைபேசியை எடுப்பான், பத்துப் பேரைக் கூட்டி வருவான்!

வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பந்திக்குப் பழச்சாறு நம் கடையிலிருந்துதான். காசு வாங்கக் கூடாது என்பது முன்வரிசையின் உத்தரவு! அவரையும் உங்களையும் அன்போடு வணங்கி, நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!