சறுக்கல் பத்தி

வெள்ளிக்கிழமை மடலில் ஓர் எழுத்துப்பிழை இருந்துவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மடலில் கைதவறி எதுவும் வந்ததில்லை. நீங்கள் கேட்க வந்த விஷயமும் அப்படி வந்ததல்ல.

நீங்கள் மூன்று பேரும் நம் கணினிப் பணியாளர் குழுமத்தின் நிர்வாகிகள். மடல் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் பேசுவதைப் பதிவு செய்கிறீர்கள். தெரியாதவர்களும் பின்னால் கேட்கக்கூடும். எனவே முதலிலிருந்து சொல்கிறேன்.

வாரம் ஒரு முறை மின்னஞ்சலில் போகிற மடல். யார் எந்த நிறுவனத்தில் சேர்ந்தார், யாருக்குப் பதவி உயர்ந்தது, எங்கே ஆள் எடுக்கிறார்கள், யார் வேலை தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிழைப்புக்கு நான் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் கையேடுகள் எழுதுகிறேன். மடலுக்குச் சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. ஒருவரை வேலைக்கு எடுக்கும் முன் நிறுவனக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள்.

மடலில் எல்லோரும் முதலில் படிப்பது சறுக்கல் பத்தியை. வேலையில் தான் செய்த பெரிய தவறை ஒருவர் தானே எழுதுவார். பெயர் இருக்காது. தவறு எப்படி நடந்தது, எப்படிச் சரிசெய்தார்கள், மற்றவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று இருக்கும். நம் தொழிலில் தவறு செய்தவனை யாரும் துரத்துவதில்லை. செய்த உடனே கையைத் தூக்கி 'நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும். மறைத்தவனை மட்டும் யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. பத்திக்கு வந்ததை ஆசிரியர் திருத்தக் கூடாது என்பதும் விதி. அந்த விதியை எழுதியவன் நான்.

என் மனைவிக்கு ஒரு சமயம் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. மடலில் நானே வாழ்த்தி எழுதினேன். அந்த வேலை முடிந்தது, அவள் திரும்பவில்லை. அதன்பின் மடிக்கணினியை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை கணவர், வேலை பார்த்த நிறுவனத்தை மூடியபோது அவரும் தங்கையும் மகளும் என் வீட்டு மாடிக்கு வந்தார்கள். வேலை கிடைக்கும்வரை என்று பேச்சு. வீடு வேறு வீடாகிவிட்டது. தங்கை என் அலமாரிகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கினாள். தேடியது எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை, ஆனாலும் அது பிடித்திருந்தது. அவள் மகளை வாலு என்று கூப்பிடுவோம். பள்ளி விட்டதும் என் நாற்காலிக்குப் பின்னால் ஏறி நின்று, திரையில் இருக்கும் கையேட்டை உரக்கப் படிப்பாள்.

"மாமா, இதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு எழுதறீங்க?"

"ஏன் படிக்கலைன்னு திட்டறதுக்கு."

பிறகு மாடிக்கு ஓடி, இதை அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சத்தம் கீழே கேட்கும்.

மாப்பிள்ளை நல்ல வேலைக்காரர். நிறுவனங்களின் தகவல்கள் அழியாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேலை தேடுவோர் பகுதியில் வாரா வாரம் அவர் பெயரைப் போட்டேன். "மச்சான், அந்தப் பகுதிக்கு நான் ஆயுள் சந்தாதாரர் ஆயிட்டேன். ஏதாவது தள்ளுபடி உண்டா?" என்று கேட்பார்.

முதல் அழைப்பு ஒரு வங்கியிலிருந்து வந்தது. பேசியவர் ஆள் எடுக்கும் அதிகாரி.

"உங்க வீட்டு மாப்பிள்ளைன்னு தெரியும் சார். இருந்தாலும் உங்ககிட்ட கேட்டுட்டா மனசுக்கு நிம்மதி."

"ரொம்ப நல்ல மனுஷன்," என்றேன்.

"வேலையில?"

சற்று நேரம் பேசாமல் இருந்தேன். "நான் வீட்டுல பார்த்ததைத்தான் சொல்ல முடியும்."

அதில் பொய் எதுவும் இல்லை. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அடுத்தடுத்துக் கூப்பிட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். தொழிலே மந்தமாக இருந்த சமயம் அது. வேலை கிடைக்காததை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

மாப்பிள்ளை முகம் மழிப்பதை நிறுத்தினார். வாலுவின் பள்ளிக்குப் போகக் கூச்சப்பட்டார். மற்ற அப்பாக்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்களாம். நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஒருநாளும் எதையும் சொல்லிக் காட்டியதில்லை. "நீங்க இல்லைன்னா நாங்க நடுத்தெருவுலதான் மச்சான்," என்றார் ஒருமுறை. "அப்படியெல்லாம் பேசாதீங்க மாப்பிள்ளை," என்றேன். அவர் இன்னொரு முறை சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

பிறகு, என்னை யாரும் கேட்காமலே ஒரு வேலை வந்தது. அவரோடு கல்லூரியில் படித்தவர், தூரத்து ஊரில் ஒரு நிறுவனத்தில் இருப்பவர், தன் மேலாளரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். மாத முடிவில் சேர வேண்டும். தங்கை அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து கூடத்தில் பரப்பினாள். "அண்ணா, நாங்க போனப்புறம் ஒழுங்கா சாப்பிடுவியா, இல்ல லேப்டாப்புக்கே ஊட்டிவிட்டுட்டு எழுந்திருவியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த உற்சாகத்தில் மாப்பிள்ளை சறுக்கல் பத்திக்கு எழுத முன்வந்தார். அவர் கதை எனக்குத் தெரியும். பழைய நிறுவனத்தில், ஒத்திகைக்கான நகல் என்று நினைத்து உண்மையான தகவல்களை அழித்துவிட்டார். ஒரு கூரியர் நிறுவனத்தின் முகவரிகள் எல்லாம் போயின. வண்டிகள் எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் வரிசையாக நின்றன. அவர் அந்தக் கணமே நாற்காலியில் ஏறி நின்று, "நான்தான்" என்று கையைத் தூக்கினார். "அக்குள்ல சட்டை கிழிஞ்சிருந்தது மச்சான். அழிஞ்சுபோனதை விட்டுட்டு எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க."

அவருடைய மடிக்கணினி பெட்டிக்குள் போயிருந்தது. என் மேசையில், என் கணினியில் உட்கார்ந்து தட்டினார். நன்றாகவே எழுதினார். எழுந்துபோன பின் நான் படித்தேன். 'உடனே கையைத் தூக்கினேன்' என்று ஓர் இடத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, 'பயத்தில் மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை' என்று போட்டேன். ஒரு வாக்கியம்தான். மற்றதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மடல் போனது. அந்தத் தூரத்து ஊர் மேலாளர் மதியமே கூப்பிட்டார். கூரியர்காரர்களின் தகவல்களைப் பார்த்துக்கொண்ட நிறுவனங்கள் அதிகமில்லை. அவர் கணக்குப் போட்டிருந்தார். இது உங்கள் மாப்பிள்ளை எழுதியதா என்று கேட்டார். எழுதியவர் பெயரைச் சொல்வது விதிக்கு மாறானது என்றேன். "புரியுது சார்," என்றார். சாயங்காலம் வேலையை ரத்து செய்து இரண்டு வரி வந்தது.

மாப்பிள்ளை கைபேசியுடன் கீழே வந்தார்.

"மச்சான், நான் இப்படி எழுதலையே."

"எந்த இடம் மாப்பிள்ளை?"

"உடனே சொன்னேன்னுதான் எழுதினேன்."

"நீங்க தட்டினதைத்தான் அனுப்பினேன். மனசுக்குள்ள இருந்தது கையில வந்திருக்கும்."

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கையைத் தூக்கினேன் இல்லையா மச்சான்?"

"நான் அங்க இல்லையே மாப்பிள்ளை."

அடுத்த வெள்ளிக்கிழமை வேண்டுமானால் திருத்தம் போடலாம் என்றேன். சரி என்றார். மறுநாள் முழுக்க அட்டைப்பெட்டிகளில் இருந்ததை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். தங்கை ஏதோ கேட்டாள். அவர் அடுத்த பெட்டியைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை, முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். முகம் மழித்திருந்தார். நல்ல அறிகுறி என்று நினைத்தேன். மாலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் திருத்தம் போடவில்லை. அந்த இடத்தில் அஞ்சலி எழுதினேன். நிறையப் பேர் பதில் அனுப்பினார்கள். படித்துவிட்டு அழுததாகச் சிலர் சொன்னார்கள்.

அவரோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அவர் நாற்காலியில் ஏறி நின்றதை நேரில் பார்த்தவள். அவள் சொல்வது சரி. அவர் எதையும் மறைக்கவில்லை. வாக்கியத்தை மாற்றியவன் நான். தொலைபேசியில் பேசாமல் இருந்தவனும் நான். அவரே அதை எழுதினார் என்று அவரை நம்பவைத்தவனும் நான்தான். அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. யாரும் எங்கும் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இனி மடலை வேறு யாரிடமாவது கொடுங்கள். அதற்குமேல் என்ன செய்வதானாலும் செய்யுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தங்கையை இதில் இழுக்காதீர்கள். அந்தப் பெண் உங்களுக்கு முன்பே அவளுக்கு எழுதிவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் சத்தம் போடவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாலுவின் பரீட்சை முடிந்ததும் தங்கை கிளம்பிவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. நேற்று வாலு படியில் பாதிவரை வந்து நின்று, மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும், அம்மா கேட்கிறாள் என்றாள். நானே கடைக்குப் போய்க் கனமானதாகப் பார்த்து வாங்கி வந்து, நானே திருகாணி முடுக்கிப் பொருத்திக் கொடுத்தேன். போகிற எண்ணம் இருப்பவர்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்க மாட்டார்கள்.