சல்பைற்றுப் போடாத படம்

இறந்த ஒரு தாயின் படத்தை நான் கெடுத்துவிட்டுப் பொய் சொன்னேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணத்தில் படம் எடுத்துவந்தேன். படங்கழுவும் கரைசலில் சோடியம் சல்பைற்று என்னும் வெள்ளை உப்பு இல்லாவிட்டால் கரைசல் காற்றுப்பட்டுப் பழுப்பாகி, கடதாசியிலும் கறை ஏற்றும். செத்தவீட்டில், சவப்பெட்டியருகே உறவினர் நிற்க நான் எடுத்த படத்தை, தேவாலயத்தில் நடக்கும் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கேட்டார்கள். கொழும்பிலிருந்து உப்பு வந்துசேரவில்லை. அது இல்லாமலே கடதாசிப் படத்தைக் கழுவி, "செத்தவர்களின் முகம் அப்படித்தான் விழும்" என்று அந்தத் தாயின் மகளிடம் கொடுத்தேன்.

ஒரு வருடம் கழித்து, கொடிகாமத்திலிருந்து வந்த புகைவண்டியில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். பனைகள் வெளிச்சத்தில் மிதந்து போயின. முன்னிருக்கையில் அந்த மகளின் குரல் கேட்டது.

"அம்மாவுக்கு இன்னும் என்னிலை கோவம், மச்சாள். படத்திலை முகம் கறுத்துக் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை. பக்கத்திலை நிண்ட என்ரை மனுசனும்தான் கறுத்துக் கிடக்கிறார்."

"அண்ணை பிறந்ததே கறுப்புத்தானே!"

இருவரும் சிரித்தார்கள்.

"அம்மாவின்ரை சொல்லைக் கேளாமல் கலியாணம் கட்டினனான். கல்லறைக்குப் போகவே பயமாக் கிடக்கு."

வண்டியை விட்டு இறங்கியதும் நான் நேரே என் இருட்டறைக்குப் போனேன்.

அந்தப் படத்தின் மூலமான கண்ணாடித் தகடு, உப்பு தீருமுன்பே கழுவியது, பழுதில்லாமல் என்னிடம் இருந்தது. சல்பைற்றுப் போட்டுப் புதிதாகக் கழுவிய படத்தை, யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இருந்த அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொன்னேன். அவள் தாயின் வெளுத்த, அமைதியான முகத்தை நெடுநேரம் பார்த்தாள். வீட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல், படத்தோடு கல்லறைப் பக்கம் நடந்தாள்.