வாசலில் நின்ற மகளுக்கு நன்றி

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே! தடுப்பூசிப் பெட்டியோடு மலையேறி வந்திருக்கும் செவிலியர் புவனா அவர்களே! கம்பளிக்குள் கையொடுக்கி முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! பீன்ஸ் தோட்டத்துச் சோலியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நின்றாலும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே! வடகவுஞ்சிக்கு வாழ வந்த மருமகள் லீமா, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் அறிவுரை சொல்ல வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறேன். யாருக்கு? என் கணவரின் அக்கா அனிட்டாவுக்கு!

என்ன ஐயா? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன். குளிரில் நடுங்குவது நானல்ல, இந்த மைக்!

என் மாமனார் அடைக்கலராஜைத் தெரியாதவர் இங்கே உண்டா? போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டுக் குளிரில் அவருக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு போயிற்றா? நெஞ்சுக்குள் இறங்கியது. மூச்சு முட்டியது. ஆக்சிஜன் குழாயோடுதான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி வந்தா நுரையீரல் தாங்காதும்மா."

அடுத்த குளிருக்கு முன்பே நானும் கணவர் ரெக்ஸும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அத்தையும் போட்டுக்கொண்டார். மாமா மட்டும் மறுத்தார். "ஊசி போட்டாத்தான் காச்சலே வரும், போங்கத்தா!"

இப்படியிருக்க, மாமா அத்தையின் ஐம்பதாம் திருமண நாள் வந்தது. திருப்பூரிலிருந்து அண்ணி அனிட்டா பழனி வழியாகப் பஸ் ஏறி வந்தார். கையில் கேக். பெற்றோருக்குப் புதுத்துணி. கண் நிறைய ஆசை. வாசலை மிதிக்கும் முன் ஓர் இருமல். இன்னோர் இருமல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகச் சுட்டது!

தாய்மார்களே, அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பெற்ற வீட்டுக்கு வந்த மகளை மருமகள் மறிக்கலாமா? மறித்தால் ஊர் என்ன பேசும்? உறவு என்ன ஆகும்? ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தது அந்த நுரையீரல் அல்லவா!

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உள்ள வராதீங்க" என்றேன்.

உள்ளேயிருந்து மாமா வெடித்தார். "ஏலே ரெக்ஸு! எம் மக வாசல்ல நிக்கிறா. உம் பொண்டாட்டி மறிச்சுக்கிட்டு நிக்கிறா. நீ என்னலே பாத்துக்கிட்டு இருக்க?" ரெக்ஸ் ஒரு முகக்கவசத்தை எடுத்து அவர் முகத்தில் மாட்டினார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கேக்கைத் தரையில் வைத்துவிட்டு, பின்வாங்கி முற்றத்துக்குப் போய் நின்றார்.

"அப்பா, அவளை வையாதீங்க. உங்களைக் கண்ணால பாக்கத்தான் வந்தேன், காச்சலைக் குடுக்க வரல. சன்னல்கிட்ட வாங்க. அங்கன நின்னே ஆசீர்வாதம் பண்ணுங்க."

சன்னல் திறந்தது. முகக்கவசத்துக்கு மேலே மாமாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவர் கை உயர்ந்து சிலுவை வரைந்தது. முற்றத்துக் குளிரில் மண்டியிட்டாள் மகள். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் அழுதோம்.

பக்கத்து வீட்டு லீலா டீச்சர் தம் மாடி அறையைத் திறந்துவிட்டார். புவனா வந்து பார்த்து உடனே மருத்துவரிடம் அனுப்ப, ஃப்ளூ என்று உறுதியாயிற்று. காய்ச்சல் தணிந்து இருமல் ஓயும்வரை அண்ணி அந்த அறையைவிட்டு இறங்கவில்லை. கஞ்சியைக் கதவருகே வைத்துவிட்டு, வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். குளிருக்கு இறுக மூடிக் கிடந்த எங்கள் வீட்டுச் சன்னல்களைப் பகலெல்லாம் திறந்து வைத்தேன்.

மாமாவுக்குக் காய்ச்சல் வந்ததா? வரவில்லை! அத்தைக்கு வந்ததா? வரவில்லை! அண்ணி தேறி வந்து அப்பாவின் கையைப் பிடித்தபோது, மாமா என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு வஞ்சதை மனசுல வச்சுக்காதத்தா. அந்த ஊசிய எனக்கும் போடச் சொல்லு."

முன்வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான்! கேளுங்கள், ஊசியால் அவருக்கு ஃப்ளூ வந்ததா என்று. ஒரு நாள் கை வலித்தது, அவ்வளவுதான்.

பெற்றோரைப் பேணும் பிள்ளைகளே! ஊசி போட்டவருக்கும் சிலசமயம் ஃப்ளூ வரலாம். ஆனால் பெரும்பாலும் உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்ற விடாது. ஆண்டுதோறும் போட வேண்டும். அவர்களுக்கு மட்டுமா? அவர்களுக்குச் சோறூட்டும் உங்களுக்கும், மருந்து கொடுக்கும் உங்களுக்கும்! வயதானவர்களுக்குக் காய்ச்சல் கொதிக்காமலும் ஃப்ளூ வரும். மூச்சு வாங்கினாலோ பேச்சு தடுமாறினாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் வெரசாக மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அனிட்டா அண்ணி திருப்பூரிலிருந்து வந்து, இதோ, அத்தையின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணி! அன்று நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருந்தால் யார் உங்களைக் குறை சொல்லியிருப்பார்கள்? வரவில்லையே! எங்கள் வீட்டில் இன்று நான்கு தட்டில் சோறு போடுகிறேன் என்றால், அது நீங்கள் தந்தது.

புவனா அக்கா, ஊசியை எடுங்கள். இந்த ஆண்டு முதல் கை என் கை. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அடுத்த கை யாருடையது? வாருங்கள்!