பேசாதவளின் கை

மொரீஷியஸின் செமின் கிரனியே ஊரிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் எனக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் இருவர். மெலிந்திருந்தவள் சொன்னாள்: “என்னோட பேசாதவதான் என்னைக் காப்பாத்தினா, அக்கா.”

“யாரு, செல்லம்மாவா? குழாயடிச் சண்டைக்கு அப்புறம் உன் வாசலையே மிதிக்கலியே?”

“நம்ம சொசியேத்தே சங்கத்து முறை அப்படி. எல்லாரும் வாராவாரம் போடற காசுலதானே டாக்டர், மருந்து எல்லாம்? ஒருத்தர் படுத்துட்டா, அந்த வாரத்து முறைக்காரி தினமும் வீட்டுக்குப் போய் நேர்ல பார்க்கணும். என் காய்ச்சலுக்கு அவ முறை வந்துச்சு.”

“வந்து?”

“நெத்தியில கை வெப்பா. முருங்கைக்கீரை ரசத்தை வெச்சுட்டுப் போயிடுவா. ஒரு வார்த்தை கிடையாது.”

“முறைன்னா செய்யத்தானே வேணும்.”

“அவ முறை போன வாரமே முடிஞ்சுபோச்சு, அக்கா. எனக்கும் காய்ச்சல் விட்டுப்போச்சு. இன்னிக்குக் காலையிலயும் வந்து கை வெச்சுப் பார்த்தா.”

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“நீயாவது பேசியிருக்கலாமே?”

“வாய் வரைக்கும் வந்துச்சு. பேசினா நாளைக்கு வராம போயிடுவாளோன்னு கண்ணை மூடிப் படுத்துக்கிட்டேன்.”