மஞ்சு மூடிய உச்சி

நம்மூர் மலையின் உச்சியைத் தொட்டவன் என்று கல்யாண வீடுகளில் வலியச் சொல்லித் திரிபவன் நான். மஞ்சு என்கிற மூடுபனிக்குள் தடவித் தடவி, அங்கே பாறையில் என் பெயரைக்கூடச் செதுக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று வடசேரியில் பஸ் ஏறினேன். அன்று என்னை மலைக்கு அழைத்துப்போன அதே வனத்துறை ரேஞ்சர், என்னைக் கவனிக்காமல், முன்சீட்டில் கூட்டாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இமயமலையிலே ரெண்டு வெள்ளைக்காரனுவ மஞ்சுக்குள்ள நடந்து மறைஞ்சானுவல்லா? உச்சியத் தொட்டானுவளா இல்லியான்னு அந்த மலைக்குத்தான் தெரியும். எனக்கு அதுல ஒரு சந்தோசம் வே."

"செத்தவனுவள நெனச்சா சந்தோசம்?"

"மலை வாயத் தொறக்கல்லியே, அதுக்கு. நானும் ஒருத்தனையும் நம்ம உச்சிக்குக் கொண்டுபோனதில்ல. மஞ்சு எறங்கினதும் பக்கத்துக் குன்றுல ஏத்தி, இதுதான் உச்சின்னு சொல்லிருவேன்."

"நாளைக்கு மலை பாக்க வாற பெரிய ஆபீசர் துரைக்குத் தெரிஞ்சா உம்ம வேலை போவும் ஓய்."

"போட்டும். அவருக்கு உச்சிவரை பாதை வெட்டணுமாம். வெட்டினா சோலை போவும், ஊத்து வத்தும். பொறவு கீழ வயலுக்கு ஏது தண்ணி?"

சன்னலுக்கு வெளியே மலை மஞ்சுக்குள் மிதந்துகொண்டே கூட வந்தது.

வீட்டுக்கு வந்து, பஸ்ஸில் கேட்டதை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மலையே வாயத் தொறக்கல்ல. நீங்களும் இனி கல்யாண வீட்டுல தொறக்காதீங்க."