பம்பைக்கு வைத்த பொட்டு

1988, ஆயுத பூஜைக்கு மறுநாள் பிற்பகல். பென்னாகரத்திலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் மெல்லிசைக் குழு நடத்தும் கணவனும் மனைவியும். அவர் மடியில், பெங்களூரில் பழசாக வாங்கிய கீபோர்டு. எந்தச் சத்தத்தையும் பதிந்துகொண்டு, கட்டையை அழுத்தினால் திருப்பித் தருமாம்.

“பம்பை மேலயா பொட்டு வெச்ச?” என்று அவர் பதறினார்.

அவர் கையில், பதிந்த சத்தத்தைச் சேமித்து வைக்கும் பிளாப்பித் தகடு ஒன்று. அதன் திறந்த பகுதியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

“எல்லா வாத்தியத்துக்கும் வெச்சேங்க. இதை மட்டும் வுட்டா சாமி குத்தமாயிராதா?”

“கரண்ட்டை நிறுத்துனா பொட்டி எல்லாத்தையும் மறந்துரும். இதுல இருந்துதான் பம்பைச் சத்தத்தை மறுபடி ஏத்தணும். ஆறு மணிக்குக் கோயில்ல கச்சேரி. பம்பை இல்லாம மேடை ஏறுனா கல்லுதான் வரும்.”

“தொடச்சுப் பாக்கட்டுங்களா?”

“தொடாத!”

“அப்ப முனுசாமி அண்ணனையே கூப்புடுங்க. இதுல இருக்கறதே அவரு அடிச்சதுதானே?”

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு? பதிஞ்சு முடிச்சதும், இனிமே பொட்டியே வாசிச்சுக்கும், நீங்க வர வேணாம்னு சொன்னவன் நானு.”

“பாப்பாரப்பட்டி எறங்கு!” என்றார் கண்டக்டர்.

“அவரு வூடு இங்கதானே. எந்திரிங்க.”

“போயி என்னன்னு பேசறது?”

“நான் பேசிக்கறேன். பொட்டியக் குடுங்க, நான் தூக்கிக்கறேன். வரும்போது அவரு பம்பைய நீங்க தூக்கிட்டு வாங்க.”

பஸ் கிளம்பியபோது மணி மூன்று இருபது. கீபோர்டு அந்த அம்மாளின் தலையில் முன்னால் போய்க்கொண்டிருந்தது.